பெருமோட்டார் வண்டியைத் தம் கையாற் பேணுதல்

பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலத்தில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்றுண்டு. "பழைய லெக்சஸ் வண்டியொன்று மலிவாக வருகின்றது, வாங்கலாமா?" என்பதே அது. கேட்பவர் ஒருவர் ரொறன்ரோவில் இருப்பார். மற்றொருவர் மெல்பேணில் இருப்பார். வேறொருவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பார். யாவருக்கும் நாம் கூறும் விடை ஒன்றே: வாங்கலாம், ஆனால் உமது கையில் எண்ணெய் படுவதற்கு நீர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இவ்விடையைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடம்பர வண்டிகள் பலவாயினும், எடுத்துக்காட்டாக ஒன்றனை மாத்திரம் கொள்வோம். லெக்சஸ் எல்.எக்ஸ். 470 என்னும் வண்டி 1998ஆம் ஆண்டு தொடக்கம் 2007ஆம் ஆண்டு வரை விற்பனைக்கு வந்தது. பெயர் வேறாயினும் அதன் எலும்புக்கூடு ரொயோட்டா லாண்ட் குறூசர் 100 தொடரின் எலும்புக்கூடேயாம். ஜப்பானில் இதே வண்டி ரொயோட்டா இலச்சினையோடு 'லாண்ட் குறூசர் சிக்னஸ்' என விற்கப்பட்டது. எட்டு உருளைகள் கொண்ட 4.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின். முன் பின் அச்சுகளுக்கிடையே 2,850 மில்லிமீற்றர். நிறை ஏறத்தாழ இரண்டரைத் தொன். புதிதாக விற்கப்பட்டபோது அதன் விலை ஐம்பதினாயிரம் அமெரிக்க டொலரைக் கடந்திருந்தது. இன்று அதன் விலையில் மிகச் சிறு பங்குக்கு அது கிடைக்கலாம். வாங்குவோர் மறந்துவிடும் செய்தி இங்கேதான் இருக்கின்றது. வண்டியின் விலை இறங்கினாலும் அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்கவில்லை. திருத்துவோரின் கூலியோ ஏறியே இருக்கின்றது. மலிவாய் வாங்கியவர் விலையுயர்ந்த வண்டியொன்றின் செலவுகளைச் சுதந்தரித்துக் கொள்கின்றார். தாமே திருத்தத் தெரிந்தவருக்கு இச்செலவிற் பெரும்பகுதி மிச்சமாகும். தெரியாதவர் இரண்டாம் ஆண்டிலேயே வண்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

இலங்கையில் உள்ளோருக்கு இன்னொரு காரணமும் நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், கையிலுள்ள வண்டியைக் காப்பாற்றுதலன்றி வேறு வழி இருக்கவில்லை. எனினும் எம்மவருக்கு இது புதிய பாடமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சில துளி பெற்றோலால் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை நம்முடையது. அக்காலத்துத் தேர்ச்சி கார்புறேற்றரைச் சார்ந்தது. இன்று வேண்டப்படுவது வேறொன்று. ஆயினும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க அஞ்சாத மனம் இரண்டுக்கும் பொது.

இவ்வண்டியை வாங்கியவுடன் பலரும் முதலிற் செய்வது யாது? பெரிய ரயர் பூட்டுவர். முன்னே உருக்குத் தடுப்புச் சட்டம் பொருத்துவர். கூரையின் மேல் விளக்கு வரிசையொன்றை ஏற்றுவர். இருபது ஆண்டு கண்ட இறப்பர்க் குழாய்களும் கறுத்துப்போன எண்ணெயும் அப்படியே இருக்கும். நாம் வற்புறுத்த விரும்புவது இதற்கு மறுதலையான ஒழுங்கு. வண்டி ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்நிலைக்கு அதனை முதலில் மீட்டல் வேண்டும். அதன் பின்னரே எதனையும் சேர்த்தல் வேண்டும். சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் ஏதோ ஓர் உறுப்பின்மேற் சுமையாக இறங்கும். அவ்வுறுப்பு முன்னமே தளர்ந்திருப்பின், அழகுக்காகச் செய்தது ஆபத்தாய் முடியும்.

வேலைக்குப் புகுமுன் ஓர் எச்சரிக்கை. இரண்டரைத் தொன் இரும்பை 'ஜக்' ஒன்றன் மேல் மாத்திரம் நிறுத்தி அதன் கீழே ஒருவரும் புகுதல் ஆகாது. வண்டியின் நீள்சட்டத்தின் கீழ் உறுதியான தாங்குகால்கள் வைத்து, சில்லுகளுக்கு ஆப்பிட்டு, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பின்னரே படுத்தல் வேண்டும். இவ்வண்டியிலே மேலும் ஒரு நுட்பம் உளது. அது தன் உயரத்தைத் தானே மாற்றவல்லது. எஞ்சினை நிறுத்தி, உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தானையும் அமுக்கிவிட்டே உயர்த்துதல் வேண்டும். அன்றேல் ஒரு பக்கம் உயர்ந்துவிட்டதெனக் கருதி, வண்டி தன்னைத்தானே சமப்படுத்த முயலும். கீழே படுத்திருப்பவரை அது அறியாது.

மீட்டற் பணியில் முதலிடம் எதற்கு? பெரிய உறுப்புகளுக்கென்று பலர் எண்ணுவர். நாம் சில டொலர் பெறுமதியான இரண்டு பிளாஸ்ரிக் துண்டுகளுக்கே முதலிடம் கொடுப்போம். எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள சுவரை ஒட்டி, பின்னிருக்கை வெப்பமாக்கிக்குச் சுடுநீர் பிரிந்து செல்லும் இடத்தில், ஆங்கில எழுத்தாகிய 'ரி' வடிவில் இணைப்புகள் இரண்டு உள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை பழுப்பேறி, பிஸ்கற்போல உடையும் தன்மையை அடைகின்றன. பழைய குழாயைக் கழற்றும்போதே அவை விரல்களுக்கிடையில் நொருங்குவதைக் காணலாம். ஓட்டத்தின் நடுவில் ஒன்று உடைந்தால் குளிர்நீர் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். எஞ்சினின் உடற்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். நீரின்றிச் சூடேறினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து, தலைப்பாகம் வளைந்து, இடையிலுள்ள கஸ்கற் பழுதாகும். அரை மணி நேர வேலையைத் தள்ளிப்போட்டதற்கு எஞ்சினையே விலையாகக் கொடுக்க நேரிடும். வண்டியை வாங்கிய வாரத்திலேயே இவ்விரண்டையும் அவற்றோடு சேர்ந்த குறுங்குழாய்களையும் மாற்றிவிடுக. எஞ்சின் நன்கு ஆறும்வரை றேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அமுக்கத்தில் அடைபட்ட குளிர்நீர் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதியாது நிற்கும். மூடி திறந்து அமுக்கம் இறங்கிய கணத்திலேயே கொதித்து முகத்திற் பாயும்.

அடுத்தது எஞ்சினின் நேரப்பட்டி. பல்வரிசை கொண்ட இவ்விறப்பர்ப் பட்டி, கீழேயுள்ள சுழல்தண்டையும் மேலேயுள்ள வாயில் திறக்கும் தண்டுகளையும் ஒரே தாளத்தில் இயங்கச் செய்வது. 150,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். அது அறுந்தால் உலக்கைகளும் வாயில்களும் ஒன்றோடொன்று மோதும் அபாயம் உண்டு. குளிர்நீர்ப் பம்பும் இதே பட்டியினால் இயங்குவதால், பட்டியோடு பம்பையும் மாற்றுவதே சிக்கனம். ஒன்றுக்காகத் திறக்கும் கதவு மற்றதற்கும் போதும். இஃது ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் வேலை. முன்னர் இத்தகைய வேலை செய்தவர் ஒருவர் அருகில் இருந்தாலன்றி, இதனையே முதற்பாடமாகக் கொள்ளுதல் நன்றன்று. சுழல்தண்டின் முனையிலுள்ள கப்பியின் மரையாணியை 245 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசைக்கு இறுக்குதல் வேண்டும். அதனை உத்தேசமாய் இறுக்கிவிட்டு வீடு செல்வோரை நாம் மதிப்பதில்லை. முறுக்குவிசை காட்டும் ஸ்பனர் இல்லாதவர் அதனை இரவலாகவேனும் பெறுதல் வேண்டும்.

எண்ணெய் மாற்றுதல் யாவரும் அறிந்தது. எனினும் பின்னச்சின் டிபரென்ஷல் எண்ணெயை மாற்றும்போது ஒரு விதியை மறவற்க. எண்ணெய் நிரப்பும் வாயின் மரையாணி கழன்று வருமா என்பதை முதலிற் பார்த்த பின்னரே, வடிக்கும் வாயைத் திறத்தல் வேண்டும். நாம் முதன்முறை இவ்வொழுங்கை மாற்றிச் செய்தோம். பழைய எண்ணெய் முழுவதும் தாச்சியில் வடிந்துவிட்டது; நிரப்பும் வாயோ துருப்பிடித்து அசைய மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை. எண்ணெயின்றி வண்டியை நகர்த்தவும் இயலாது, எண்ணெய் இடவும் இயலாது. மறுநாள் வேலைக்குப் பேருந்தில் சென்றோம். அருகில் இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த எமது பழைய வகுப்புத் தோழர் இக்கதையை இன்றும் எல்லா விருந்துகளிலும் சொல்லி வருகின்றார்.

வண்டி நிற்கும்போது அடியில் 'டொக்' என்றொரு தட்டுப்படும் ஒலி எழுந்தால், கியர்ப்பெட்டி கெட்டுவிட்டதென அஞ்சற்க. கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டிலே, நீளவும் குறுகவும் வல்ல வழுக்கிணைப்பு ஒன்றுண்டு. அதிற் கிறீஸ் வற்றியிருப்பதே பெரும்பாலும் காரணம். தண்டிலுள்ள கிறீஸ் நிப்பிள்கள் அனைத்துக்கும் கிறீஸ் ஊட்டுக. குறுக்கிணைப்புகளுக்குப் பழைய கிறீஸ் ஓரங்களால் வெளிவரும்வரை ஊட்டலாம். வழுக்கிணைப்புக்கோ அளவாகவே ஊட்டுதல் வேண்டும். நிறைத்துவிட்டால் தண்டு குறுகுவதற்கு உள்ளே இடமிராது.

பிறேக் திரவத்தைப் பற்றியும் ஒரு சொல். அது காற்றிலுள்ள நீராவியை ஈர்க்கும் இயல்புடையது. டொட் 3 என்னும் தரத்துப் புதுத்திரவம் 205 பாகை செல்சியசு வரையிலேனும் கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி; நீர் கலந்த நிலையில் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்கின்றது. நீண்ட இறக்கமொன்றில் இரண்டரைத் தொன்னை மீண்டும் மீண்டும் தடுக்கும்போது பிறேக் எவ்வளவு சூடேறும் என்பதை, கடுகண்ணாவை இறக்கத்தில் வந்தோர் மணத்தாலேயே அறிவர். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், ஆவி அமுங்கும், மிதி தரைவரை இறங்கும், வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுதல் எவ்வளவு மலிவான காப்புறுதி!

இனி, இவ்வண்டியின் உயிர்நாடிக்கு வருவோம். எல்.எக்ஸ். 470 தெருவின் மேடு பள்ளங்களை விழுங்கிச் செல்லும் தன்மை, உயரமும் மென்மையும் தாமே அமையும் நீரியல் தொங்கமைப்பினால் விளைவது. அதே அமைப்பே பெரும்பாலான உரிமையாளரைக் கலங்கவும் வைக்கின்றது. வண்டி பழையதானதும் கட்டைவண்டிபோல் குலுங்கத் தொடங்கும். உடனே, "இதனையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுச் சாதாரண விற்களைப் போடுங்கள்" என்னும் அறிவுரை நாற்புறமிருந்தும் வரும். அவ்வறிவுரை பல வேளைகளில் நோயை அறியாது கூறப்படும் வைத்தியம் என்பதே எமது துணிபு.

அமைப்பு இதுதான். வண்டியின் நிறையில் ஒரு பங்கை உருக்கு விற்கள் தாங்குகின்றன. முன்னே முறுக்குத்தண்டுகள், பின்னே சுருளி விற்கள். மீதிப் பங்கை ஒரு திரவம் தாங்குகின்றது. ஒவ்வொரு சில்லின் அதிர்வுறிஞ்சியிலிருந்தும் ஒரு குழாய் புறப்பட்டு உலோகக் கோளம் ஒன்றை அடைகின்றது. கோளத்தின் உள்ளே ஒரு மென்சவ்வு. அதன் ஒரு பக்கத்தில் திரவம், மறு பக்கத்தில் நைதரசன் வாயு. சில்லு மேட்டில் ஏறும்போது திரவம் கோளத்தினுட் புகுந்து வாயுவை அமுக்குகின்றது. மேடு கடந்ததும் வாயு விரிந்து திரவத்தைத் திருப்பி அனுப்புகின்றது. வாயுவே இங்கு வில்லாகின்றது. முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக அமைந்த உயர உணரிகள், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதை இடைவிடாது அறிவிக்க, மின்பம்பு ஒன்று திரவத்தை ஏற்றியும் வடித்தும் உயரத்தைச் சரிசெய்கின்றது. சாரதி விரும்பினால் தாழ்வு, இயல்பு, உயர்வு என மூன்று நிலைகளில் வண்டியை நிறுத்தலாம்.

இதில் நோய் எவ்வாறு புகுகின்றது? ஆண்டுகள் பல சென்றதும் உருக்கு விற்கள் தளர்கின்றன. அவை தாங்கவேண்டிய நிறையில் ஒரு பகுதியைக் கைவிடுகின்றன. உயரம் குறைவதை உணரிகள் அறிவிக்க, பம்பு மேலும் திரவத்தைச் செலுத்தி உயரத்தைக் காப்பாற்றுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டி முன்போலவே நிற்கும். உள்ளேயோ அமுக்கம் ஏறிவிட்டது. இங்கே நாம் கல்லூரி ஆய்வுகூடத்திற் கற்ற போயிலின் விதியை நினைவுகூர்தல் வேண்டும். வெப்பநிலை மாறாதிருக்க, வாயுவின் அமுக்கம் இரட்டித்தால் கனவளவு அரைவாசியாகும். கணக்குக்காக, கோளத்தில் 400 அலகு வாயு இருந்ததென்போம். மேடொன்று 40 அலகு திரவத்தை உட்செலுத்தினால் வாயு 360 ஆகும். அமுக்கம் ஒன்பதில் ஒரு பங்கு ஏறும். விற்கள் தளர்ந்து அமுக்கம் இரட்டித்து, வாயு 200 ஆகக் குறுகிய பின்னர் அதே மேடு வந்தால் வாயு 160 ஆகும். இரட்டித்த அமுக்கத்தில் நான்கில் ஒரு பங்கு மேலும் ஏறும். முன்னையதோடு ஒப்பிட, அமுக்க ஏற்றம் நாலரை மடங்கு. அதே மேடு, அதே வண்டி. அமர்ந்திருப்பவரின் முதுகுக்கோ வேறொரு செய்தி. அன்று பரீட்சைக்காக மனனம் செய்த விதி இன்று ஆசனத்தின் கீழிருந்து குத்துகின்றது.

ஆகவே, வண்டி கடினமாயிற்று என்றவுடன் கோளங்களை மாற்றவும் வேண்டா, அமைப்பை வெட்டி எறியவும் வேண்டா. முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் ஓட, சமநிலத்தில் வண்டியைத் தாழ்வு நிலையில் நிறுத்தி, திரவத் தொட்டியில் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கின்றது எனக் குறித்துக்கொள்க. பின்னர் உயர்வு நிலைக்கு ஏற்றி மீண்டும் பார்க்க. மட்டம் இறங்கியிருக்கும். கோளங்கள் புதியனவாயின் இவ்விறக்கம் ஏறத்தாழ 14 கோடுகள். 7 அல்லது அதற்குக் குறைவாயின் கோளங்களில் வாயு போய்விட்டது என்று கொள்ளலாம். வாயு குறைந்த கோளம் திரவத்தை ஏற்க இடமற்றது என்பதே இதன் காரணம். இடைப்பட்ட தொகையாயின் கோளங்களுக்கு இன்னும் ஆயுள் உண்டு. குற்றம் பெரும்பாலும் விற்களிலேயே. வண்டியின் பொருத்தியிற் கணினியை இணைக்கும் வசதியுடையோர் அமுக்கத்தை நேரடியாகவே வாசிக்கலாம். முன்பக்கத்து அமுக்கம் 7 மெகாபாஸ்கலை ஒட்டி இருத்தல் நன்று.

விற்கள் தளர்ந்திருப்பின் மருந்து எளிது. முன்னே, முறுக்குத்தண்டுகளின் பின்முனையிலுள்ள மரையாணிகளைச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். இரு பக்கமும் ஒரு சுற்று. பின் சிறு தூரம் ஓட்டி மீண்டும் அளத்தல். தேவையாயின் இன்னொரு சுற்று. தண்டு தனக்குரிய நிறையை மீண்டும் ஏற்றுக்கொள்ள, திரவத்தின் சுமை குறைந்து அமுக்கம் இறங்கும். பின்னே, சுருளி விற்களின் மேல் மெல்லிய இடைத்தட்டு வைக்கலாம். வில் மிகத் தளர்ந்திருந்தால் புதிய வில்லே தகும். இவ்விரண்டையும் செய்தபின் சில்லின் நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை அளந்து பார்க்க: இயல்பு நிலையில் முன்னே ஏறத்தாழ 500 மில்லிமீற்றரும் பின்னே 520 மில்லிமீற்றரும் வருதல் வேண்டும். வாகனத்தைத் தள்ளிவிட எண்ணியிருந்த நண்பரொருவர், சனிக்கிழமை ஒன்றில் இவ்வேலையைச் செய்து முடித்து, மாலையில் தம் முதிய தாயாரைப் பின்னாசனத்தில் அமர்த்தி ஓட்டினார். தாயார் வீடு வந்து சேருமுன் நித்திரையாகிவிட்டார். அதனினும் நம்பத்தக்க கருவியை நாம் அறியோம்.

திரவத்தையும் மாற்றுதல் நன்று. வண்டியைத் தாழ்வு நிலைக்கு இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு கோளத்தின் அருகிலுமுள்ள வடிகுழலில் இறப்பர்க் குழாய் மாட்டித் திறந்தால், எஞ்சியுள்ள அமுக்கமே பழைய திரவத்தைத் தள்ளிவிடும். வடிகுழலை மூடித் தொட்டியை நிரப்பி, எஞ்சினை ஓட்டி உயர்த்தி, மீண்டும் இறக்கித் திருப்பிச் செய்க. வெளிவரும் திரவம் தெளியும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும். மூன்று காவல்கள்: தொட்டி ஒருபோதும் வற்றலாகாது, வற்றினால் பம்பு காற்றை இழுக்கும். இத்தொங்கமைப்புக்கென்றே விற்கப்படும் திரவத்தையன்றிப் பிறேக் திரவத்தை ஊற்றலாகாது, ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். உயர்ந்து நிற்கும் வண்டியில் வடிகுழலைத் திறக்கலாகாது; திறந்தால் வண்டியின் உடல் சடுதியாக இறங்கும்.

கனடாவில் வாழ்வோருக்கு இவ்விடத்திலேயே ஒரு தடை எழும். பனிக்காலத்தில் ஒன்ராறியோத் தெருக்களில் தூவப்படும் உப்பு, முறுக்குத்தண்டின் மரையாணிகளை இறுகப் பிடித்துவிடும். வலிந்து திருப்பினால் முறிந்துவிடும்; முறிந்த ஆணியை எடுப்பது ஆணி திருப்புவதினும் நூறு மடங்கு துன்பம். ஊடுருவும் எண்ணெயை மூன்று நாட்கள் முன்னதாகவே மாலைதோறும் விட்டு வருதல் வேண்டும். பின்பக்கத்துப் பிறேக் குழாய்களையும் நீள்சட்டத்தின் உட்புறத்தையும் இக்கண்ணோடு பார்க்க. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு ஒலிக்கும், உக்கிய இரும்பு மந்தமாய் அடங்கும். பனிக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, கம்பளிக் கொழுப்பினாலான பூச்சைத் தடவி வருவோரின் வண்டி நெடுங்காலம் நிற்கும். யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் உவர்க்காற்றும் இதே வேலையை மெதுவாகச் செய்கின்றது.

வண்டி இவ்வாறு மீட்கப்பட்ட பின்னர், சேர்க்க விரும்புவோர் சேர்க்கலாம். ஆனால் கணக்குப் பார்த்துச் சேர்க்க. உருக்குத் தடுப்புச் சட்டமும் இழுபொறியும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொள்வோம். அவை முன்னச்சிலிருந்து 0.9 மீற்றர் முன்னே தொங்குகின்றன. நெம்புகோற் கணக்கின்படி முன்னச்சின் சுமை 100 அன்று, ஏறத்தாழ 132 கிலோகிராம் ஏறும். பின்னச்சின் சுமை 32 கிலோகிராம் குறையும். அந்த 132உம் முறுக்குத்தண்டும் திரவமும் தாங்கவேண்டிய புதுச்சுமை. சட்டத்தைப் பூட்டிய அன்றே தண்டை மீண்டும் சரிசெய்யாதவர், தாம் மீட்ட மென்மையைத் தாமே இழப்பர். காட்டுப்பாதையில் மான், மரை குறுக்கிடும் ஊர்களுக்கு அச்சட்டம் தகும். பல்பொருள் அங்காடியின் தரிப்பிடத்துக்கு அஃது எதற்கென்று எமக்கு விளங்கவில்லை.

ரயரிலும் இதே கதை. 2002ஆம் ஆண்டு வரையிலான வண்டிகளுக்கு ஆலை இட்ட அளவு 275/70ஆர்16. முதலெண் அகலம் மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச்சுவர் அவ்வகலத்தில் எத்தனை வீதம் என்பது. மூன்றாவது, உட்சில்லு அங்குலத்தில். கணக்கிட்டால் முழு விட்டம் ஏறத்தாழ 791 மில்லிமீற்றர். பலர் விரும்பும் 285/75ஆர்16 ரயரின் விட்டம் 834 மில்லிமீற்றர். அதாவது நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல் மிகுதி. வேகமானி 100 எனக் காட்டும்போது உண்மை வேகம் 105. காவலரிடம் இக்கணக்கை ஒப்புவித்துப் பயனில்லை. எஞ்சினுக்குச் சுமையும், பிறேக்குக்கு நெம்பும் இதனோடு ஏறும். எமது எண்ணத்தில், அதே அளவில் உயர்ந்த தரத்து ரயரும் நல்ல பிறேக் கட்டைகளும் வாங்குவதே மெய்யான மேம்பாடு. எனினும் அவற்றை அயலவர் கண்டு வியக்கமாட்டார் என்பது குறை.

விளக்கு விடயத்திற் கடிந்தே சொல்வோம். ஹலொஜன் குமிழுக்கென வளைக்கப்பட்ட தெறிப்பியில் எல்.ஈ.டி. குமிழைச் செருகுவோர் மிகப் பலர். ஒளி பிறக்கும் புள்ளி சிறிது விலகினாலும் தெறிப்பி அதனைத் தெருவில் இடாது, எதிரே வருபவரின் கண்ணில் இடும். உயரமான வண்டியிலிருந்து அவ்வொளி சிறு காரின் கண்ணாடியில் நேரே பாயும். மங்கிப்போன விளக்குக் கண்ணாடியை மெருகிட்டு, தரமான புதிய ஹலொஜன் குமிழையே இட்டாற் போதும். ஒலிபெருக்கி, திரை முதலியவற்றை அவரவர் விருப்பத்துக்கு விட்டோம். 2003ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட வண்டிகளில் குளிரூட்டியின் கட்டுப்பாடும் அதே திரையில் அடங்கியிருப்பதை மாத்திரம் மறவற்க.

தம் கையால் தொடலாகாதன சிலவும் உள. ஆசனப் பட்டியின் இறுக்கியும் திசைமாற்றுச் சில்லில் உள்ள காற்றுப்பையும் வெடிமருந்தினால் இயங்குவன. குளிரூட்டியில் உள்ள ஆர்-134ஏ வாயு, காபனீரொட்சைட்டினும் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியை வெப்பமூட்ட வல்லது; அதனை வெளிவிடாது மீட்கும் கருவி உடையோரிடமே செல்க. இவ்வண்டியின் பிறேக் உதவிப் பொறியும் மின்பம்பினால் உயரமுக்கம் சேமித்து வைத்திருப்பது. திறப்பை அணைத்த பின் மிதியை 40 தடவைக்கு மேல் அமுக்கி அவ்வமுக்கத்தை வெறுமையாக்கிய பின்னரே குழாய்களைக் கழற்றலாம். தொட்டியில் திரவத்தின் மட்டத்தைப் பார்க்கும் முன்பும் அவ்வாறே செய்தல் வேண்டும். அன்றேல் மட்டம் குறைவாகக் காட்ட, மிகுதியாக ஊற்றிவிடுவோம்.

சில்லுகளை மீண்டும் பூட்டிய பின் நூறு கிலோமீற்றர் ஓடி, நட்டுகள் அனைத்தையும் இன்னொருமுறை முறுக்குவிசை பார்த்து இறுக்குக. வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒரு கொப்பியை வைத்து, நாள், ஓடிய தூரம், மாற்றிய பொருள், தொட்டியில் எண்ணிய கோடுகளின் தொகை ஆகியவற்றை எழுதி வருக. எமது கொப்பியில் அத்தொகை முதலாண்டு 11 ஆகவும் இவ்வாண்டு 10 ஆகவும் நிற்கின்றது.